மயக்க மருந்து எத்தனை முறை? பெருமூளை வாதமுள்ள குழந்தையின் கண்ணீர்க் குழாய் அடைப்புக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

காலையில் விழிக்கும்போது என் மகளின் இடது கண் திறக்காது. இமை மயிர்கள் மஞ்சள் பீளையில் ஒட்டிக் காய்ந்து பொருக்காக நிற்கும். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக மெல்ல ஒற்றி ஒற்றி எடுத்தால்தான் இமைகள் பிரியும். அந்த ஈரம் முகத்தில் பட்ட நொடியிலேயே அவள் உடல் வில்லாக விறைத்துக்கொள்ளும். 31 ஆவது வாரத்தில் பிறந்தவள் அவள். பெருமூளை வாதத்தால், அதாவது மூளைப் பாதிப்பால் உடலசைவு குலையும் நிலையால், வலது கையும் காலும் இறுகியிருக்கும். வலிப்புக்கு இரு வேளை மருந்து உண்டு. குடித்த பால் அடிக்கடி எதுக்களித்து வரும். இவ்வளவுக்கும் நடுவில் கண்ணில் நீர் வடிவது ஒரு பெரிய காரியமா என்று பலர் கேட்டார்கள். சில மாதங்கள் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கண்ணீர்க் குழாய்க்கென்று சொல்லப்படும் ஒவ்வொரு சிகிச்சையும் அவளுடைய விறைப்பு, வலிப்பு, எதுக்களிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றோடு மோதும் என்பதை, முதல் சிகிச்சை பலிக்காமல் போன பிறகே உணர்ந்தேன்.

மற்றக் குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த முடிவு பெரும்பாலும் வயதை ஒட்டியது: ஒரு வயது வரை காத்திருப்பது, அதன் பின் குழாயைத் திறப்பது. பெருமூளை வாதமுள்ள குழந்தைக்கு அந்தக் கணக்கு போதாது என்பது என் உறுதியான கருத்து. இந்தக் குழந்தைகள் வளரும் ஆண்டுகளில் எத்தனையோ காரணங்களுக்காக மயக்க மருந்துக்கு உட்பட வேண்டியிருக்கும். ஆகவே நாம் எண்ண வேண்டியது மாதங்களை அன்று, மயக்க மருந்து தரப்படும் தடவைகளை. கீழே சொல்லும் வழிகளை எல்லாம் அந்த ஒரு கேள்வியை வைத்தே ஒப்பிட்டிருக்கிறேன்.

கண்ணின் உள்மூலையில் மேலிமையிலும் கீழிமையிலும் ஊசிமுனையளவு துளை ஒவ்வொன்று உண்டு. கண்ணீர் அவற்றின் வழியே நுண்ணிய கால்வாய்களுக்குள் இறங்கி, மூக்கெலும்பின் பக்கத்தில் உள்ள கண்ணீர்ப் பையை அடைந்து, அங்கிருந்து ஒரு குழாய் வழியாக மூக்கினுள் வடிகிறது. அந்தக் குழாயின் அடிவாயில் ஹாஸ்னர் என்பவரின் பெயரால் வழங்கும் மெல்லிய மடிப்பு இருக்கிறது. பிறப்பதற்கு முன்பே திறந்துகொள்ள வேண்டிய அந்த இடம் சில குழந்தைகளுக்குச் சவ்வால் மூடியே இருந்துவிடுகிறது. பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 20 பேருக்கு இந்த அடைப்பு காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன; அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு வயதுக்குள் அது தானாகவே திறந்துவிடுகிறது.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்பு, கண்ணில் நீர் வடிவது அடைப்பினால்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். நம் குழந்தைகளின் கண்ணில் நீர் வடிய வேறு காரணங்களும் இருக்கக்கூடும். இமை முழுதாக மூடாமல், அல்லது போதிய அளவு இமைக்காமல், கருவிழி காய்ந்து எரிச்சலில் நீர் பெருகலாம். கீழிமை மயிர் உள்நோக்கித் திரும்பி உரசிக்கொண்டிருக்கலாம். எல்லாவற்றையும் விட ஆபத்தானது பிறவிக் கண் அழுத்த நோய்: வெளிச்சத்தைக் கண்டு குழந்தை கூசினாலோ, கருவிழி மற்றதைவிடப் பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தாலோ அதைக் கண்ணீர்க் குழாய்க் கணக்கில் சேர்த்து ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. வலிப்புக்காக டோபிராமேட் தொடங்கிய சில வாரங்களில் திடீரெனக் கண் சிவந்து நீர் வடிந்தாலும் அன்றே காட்ட வேண்டும். அரிதாக அம்மருந்து கண்ணினுள் அழுத்தத்தை ஏற்றும். இதற்கு நேர்மாறாக, எச்சில் வடிவதைக் குறைக்கத் தரப்படும் கிளைக்கோபைரோலேட், இறுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில் ஆகியவை கண்ணீரையும் வற்றச் செய்யும். அப்போது அடைப்பு இருந்தும் இல்லாததுபோலத் தோன்றலாம். எனவே மருந்துச் சீட்டுகள் அத்தனையையும் கண் மருத்துவரிடம் கொண்டுபோவது நல்லது.

அடைப்பை உறுதி செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. ஃபுளோரசீன் என்னும் ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் இட்டு, 5 நிமிடம் கழித்து நீல ஒளியில் பார்ப்பார்கள். குழாய் திறந்திருந்தால் சாயம் போயிருக்கும். அடைத்திருந்தால் இமையோரத்தில் பச்சையாக மின்னிக்கொண்டு தேங்கி நிற்கும். குழந்தை எங்கும் நோக்க வேண்டியதில்லை, எதையும் சொல்ல வேண்டியதில்லை, மடியிலேயே இருக்கலாம் என்பதால் நம் குழந்தைகளுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை இல்லை.

முதல் வழி, நீவிவிட்டுக்கொண்டு காத்திருப்பது. கிரிக்லர் என்ற மருத்துவர் 1923 இல் விவரித்த முறைதான் இன்றும் சொல்லித் தரப்படுகிறது. நகத்தை ஒட்ட வெட்டி, கையைக் கழுவி, கண்ணின் உள்மூலைக்கும் மூக்கெலும்புக்கும் இடையில் விரல்நுனியை ஊன்றி, எலும்பின் மீது நன்றாக அழுத்தியபடியே மூக்கை நோக்கிக் கீழே இறக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து முறை, நாளுக்கு இரண்டு முதல் நான்கு தடவை. தோலை மேலோட்டமாகத் தடவுவதால் பயனில்லை. பைக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் கீழேயுள்ள சவ்வை முட்டித் திறக்க வேண்டும் என்பதே இதன் உள்நோக்கம்.

காகிதத்தில் எளிதாகத் தெரியும் இது எங்கள் வீட்டில் பல வாரங்கள் கைகூடவில்லை. முகத்தைத் தொட்டால் அவள் அதிர்ந்துவிடுவாள். தலை ஒரு பக்கம் திரும்பும்போதே அந்தப் பக்கக் கை நீண்டு மறுகை மடங்கும். மல்லாக்கப் படுக்கவைத்துச் செய்ய முயன்றால் முதுகு வளைந்து முழு உடலும் விறைக்கும். எங்கள் இயன்முறை மருத்துவர்தான் வழி காட்டினார். மடியில் இடுப்பும் முழங்காலும் நன்றாக மடங்கியிருக்கும்படி உட்காரவைத்து, தோள்களை முன்னுக்குச் சாய்த்து, தலையின் பின்புறத்தை என் மார்போடு நடுவில் நிறுத்தியபின், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் வைத்துப் பழக்கிவிட்டு, பிறகே விரலை உள்மூலைக்குக் கொண்டுசெல்லச் சொன்னார். பால் கொடுத்தவுடன் செய்யக் கூடாது, எதுக்களிக்கும் என்றார். குளிப்பாட்டிய பின் இறுக்கம் தளர்ந்திருக்கும் பத்து நிமிடமே எங்களுக்கு வாய்த்தது. நான்கு தடவை என்பதை இரண்டாகக் குறைத்துக்கொண்டோம். முறையாகச் செய்த அன்று துளையிலிருந்து பீளை மேலே பொங்கி வருவதைக் கண்ணால் பார்த்தேன்.

என் மாமியார் அக்கறையோடு ஒரு நாள், "ரெண்டு சொட்டு தாய்ப்பால் விடும்மா, எங்க காலத்துல அதான்" என்றார். "கண்ணுக்குள்ள வேண்டாம் அத்தை, டாக்டர் விடக் கூடாதுன்னுட்டாங்க" என்று சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் தேங்கிக் கிடக்கும் பைக்குள் பால் போனால் கிருமிகளுக்கு அது உணவாகும். ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: அது சீழையும் சிவப்பையும் அடக்குமே தவிர அடைப்பைத் திறக்காது. மாதக்கணக்கில் தானாக வாங்கி விட்டுக்கொண்டிருப்பது தவறு.

காத்திருப்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் இணைந்து நடத்தும் குழந்தைக் கண்நோய் ஆய்வுக் குழு 2012 இல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 10 மாத வயதுக்குள் அடைப்போடு வந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு அடுத்த ஆறு மாதத்தில் அறுவை எதுவுமின்றியே சரியானது. மயக்க மருந்துக் கணக்கில் இவ்வழியின் செலவு பூச்சியம். ஆயினும் காத்திருக்கும் காலத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு கண்ணில் மட்டும் அடைப்புள்ள குழந்தைகளுக்கு இரு கண்களின் பவரும் வேறுபட்டு, ஒரு கண் சோம்பிவிடும் வாய்ப்பு உண்டு என்பதால், பவர் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மூளைப் பாதிப்பால் ஏற்கெனவே பார்வையைப் பயன்படுத்தத் திணறும் குழந்தைக்கு, தேங்கிய நீரின் மங்கலும் சேர்ந்தால் அது சிறு இழப்பன்று.

இரண்டாவது வழி, மயக்க மருந்தின்றி, குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மரப்பு மருந்துச் சொட்டு மட்டும் விட்டு, மருத்துவர் தம் அறையிலேயே மெல்லிய கம்பியைச் செலுத்திச் சவ்வைத் திறப்பது. இதைப் புரோபிங் என்பார்கள். ஒரு வயதுக்குள்ளான குழந்தைகளுக்கு அமெரிக்காவில் சில மருத்துவர்கள் இதைச் செய்கிறார்கள். மயக்க மருந்து இல்லை என்ற ஒன்றே எங்களைக் கவர்ந்தது. யோசித்துப் பார்த்தபோது மனம் ஒப்பவில்லை. கம்பி உள்ளே இருக்கையில் அவள் உடல் திடீரென விறைத்தால் என்ன ஆகும்? திறந்ததைச் சோதிக்கப் பீய்ச்சும் உப்பு நீர் மூக்கு வழியாகத் தொண்டைக்குத்தான் இறங்கும். விழுங்குவதில் தடுமாற்றம் உள்ள குழந்தைக்கு, அதுவும் அழுதுகொண்டிருக்கும்போது, அது மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம். இறுக்கம் குறைவாக, நன்றாக விழுங்கக்கூடிய, எட்டு ஒன்பது மாதக் குழந்தைக்கு, இதில் கை தேர்ந்த மருத்துவர் கிடைத்தால் இதை எண்ணிப் பார்க்கலாம். என் மகளைப் போன்ற குழந்தைகளுக்கு இது வேண்டாம் என்றே சொல்வேன்.

மூன்றாவது வழி, முழு மயக்கத்தில் செய்யும் புரோபிங். ஒரு வயதைக் கடந்தும் அடைப்பு நீடிக்கும் குழந்தைகளுக்கு நம் நாட்டில் வழக்கமாகச் செய்யப்படுவது இதுவே. கம்பி செலுத்தும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். மேற்சொன்ன ஆய்வுக் குழு 2008 இல் வெளியிட்ட முடிவின்படி, முதன்முறை புரோபிங் செய்துகொண்ட நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 78 பேர் அளவில் குணமடைந்தார்கள். அந்த வெற்றி மூன்று வயது வரை வயதினால் குறையவும் இல்லை. இந்தக் கடைசிச் செய்தி நமக்கு மிக முக்கியமானது. பிறந்த நாள் முடிந்தவுடன் ஓடிச் செய்ய வேண்டிய அவசரம் இல்லை, பொருத்தமான ஒரு நாளுக்காகச் சில மாதங்கள் பொறுக்க இடமுண்டு என்பது இதன் பொருள்.

எங்களுக்கு அந்தச் செய்தி அப்போது தெரியாது. 13 ஆவது மாதத்தில் ஒரு மருத்துவமனையில் காலையில் சேர்த்து மாலையில் அனுப்பும் முறையில் புரோபிங் செய்தோம். வெறும் வயிறு என்று சொன்னதால் அன்று காலை வலிப்பு மருந்தையும் கொடுக்க வேண்டாம் என்றார்கள். நானும் கேள்வி கேட்கவில்லை. மயக்கம் தெளியும் அறையில் அவளுக்கு வலிப்பு வந்தது. பின்னர் எங்கள் நரம்பியல் மருத்துவர் சொன்னது இது: வலிப்பு மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாது, வழக்கமான நேரத்திலேயே சிறிதளவு நீரோடு கொடுத்துவிடலாம். பொதுவாகச் சொல்லப்படும் உண்ணா நேரக் கணக்கு, திட உணவுக்கும் பவுடர் பாலுக்கும் 6 மணி, தாய்ப்பாலுக்கு 4 மணி, வெறும் நீருக்கு 2 மணி. மருந்தை விடாமல் இந்தக் கணக்கை எப்படிக் கடைப்பிடிப்பது என்று மயக்கவியல் மருத்துவரிடம் முன்னாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாரமே அவள் கண்ணில் மறுபடி நீர் தேங்கியது. நூற்றில் மீதி இருபத்திரண்டு பேரில் அவளும் ஒருத்தி.

மயக்க மருந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்குமா என்ற அச்சத்தையும் இங்கேயே பேசிவிடலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கமோ, திரும்பத் திரும்பத் தரப்படும் மயக்கமோ பாதிப்பை உண்டாக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் எச்சரித்தது. குடலிறக்க அறுவை செய்துகொண்ட கைக்குழந்தைகளைப் பின்தொடர்ந்த பன்னாட்டு ஆய்வொன்று, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒற்றை மயக்கத்தால் ஐந்து வயதில் அறிவு வளர்ச்சியில் வேறுபாடு இல்லை என்று 2019 இல் அறிவித்தது. அது பெருமூளை வாதமுள்ள குழந்தைகளுக்கென்று நடத்திய ஆய்வன்று என்பதால் அதை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. குறுகிய ஒரு மயக்கத்துக்கு அஞ்சித் தேவையான சிகிச்சையைக் கைவிட வேண்டாம், தடவைகளை மட்டும் கூட்டிக்கொள்ள வேண்டாம் என்ற அளவில் அவ்விரண்டையும் நான் எடுத்துக்கொண்டேன். நம் குழந்தைகளுக்கு உடனடி ஆபத்து நுரையீரல் பக்கமிருந்தே வரும்: எச்சில் தேக்கம், எதுக்களித்தது மூச்சுக்குழலில் இறங்குதல், மூச்சு தெளிய நேரமாதல். சளி பிடித்திருக்கும் வாரத்தில் எக்காரணம் கொண்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரவு தங்கிக் கண்காணிக்கவும், தேவைப்பட்டால் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றவும் வசதியுள்ள இடத்திலேயே செய்துகொள்ள வேண்டும்.

நான்காவது வழி, புரோபிங் செய்யும் அதே மயக்கத்தில் மெல்லிய சிலிக்கான் குழாயையும் வைத்து, சில மாதம் விட்டுவைத்து எடுப்பது. திறந்த பாதை மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் அது காக்கும். முதல் சிகிச்சையாகவே இதைச் செய்த குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வரை குணமடைந்ததாக அதே ஆய்வுக் குழு கண்டது. சாதாரணக் குழந்தைக்கு 78 க்கும் 90 க்கும் உள்ள இடைவெளி பெரிதாகத் தோன்றாமல் போகலாம். தோற்றால் மறுமுறை செய்துகொள்ளலாம். மறுமுறை என்பதே பெருஞ்சுமையாக இருக்கும் குழந்தைக்கு அந்தப் பன்னிரண்டு பெரிய எண்.

ஆனால் குழாயில் இரு வகை உண்டு, அந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மேல் துளை, கீழ்த் துளை இரண்டின் வழியாகவும் போய் மூக்கினுள் முடிச்சிடப்படும் வகையில், கண்ணின் உள்மூலையில் ஒரு சிறு வளையம் வெளியே தெரியும். குழந்தை அதை விரலால் இழுத்துவிட்டால் கன்னத்தில் தொங்கும், கருவிழியையும் உரசும். சில குழந்தைகளுக்கு அதை எடுக்கவே மீண்டும் மயக்க மருந்து தேவைப்படும். ஒரே துளையில் பொருந்தி உட்காரும் வகையை வெளிநோயாளர் அறையில் சிறு இடுக்கியால் எடுத்துவிடலாம். நம் கணக்கில் இரண்டாவது வகையே மேல். குழந்தையின் எந்தக் கை கண்ணுக்கு எட்டுகிறது என்பதையும் பாருங்கள். என் மகளுக்கு இறுகிய கை வலது, அடைத்த கண் இடது. அந்த இடக் கைதான் அவளுக்கு உள்ள ஒரே தடையற்ற கை, தூக்கம் வந்தால் அதனால்தான் கண்ணைக் கசக்குவாள். குழாய் இருந்த காலம் முழுதும் இரவில் முழங்கை மடங்காதபடி துணிப்பட்டை கட்டினோம். பகலில் கட்டவில்லை, விளையாடும் கையைப் பறிக்க மனம் வரவில்லை. மூக்கு வழியாக உணவுக்குழாய் போட்டிருக்கும் குழந்தையாக இருந்தால், அதை அடைப்பு இல்லாத பக்க மூக்குத் துளைக்கு மாற்ற முடியுமா என்று முன்பே கேளுங்கள். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் மாற்றும்போது சிலிக்கான் குழாய் இழுபட இடமுண்டு.

ஐந்தாவது, பலூன். சிறு பலூனைக் குழாய்க்குள் கொண்டுபோய், சில நொடிகள் ஊதி அகலப்படுத்தி, வெளியே எடுத்துவிடுவார்கள். உள்ளே எதுவும் தங்காது என்பதால் ஓயாமல் முகத்தைக் கசக்கும் குழந்தைக்கும், கையை ஓரிடத்தில் வைத்திருக்க முடியாத வகை வாதம் உள்ள குழந்தைக்கும் இது நல்ல மாற்று. முதல் புரோபிங் தோற்றபின் இரண்டாவது தடவையில் பலூனோ சிலிக்கான் குழாயோ வெறும் புரோபிங்கைவிட நன்றாகப் பலிக்கிறது. பலூனின் விலை கூடுதல், எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை.

எலும்பில் புதுவழி உண்டாக்கி, பையை நேரே மூக்கோடு இணைக்கும் டி.சி.ஆர். அறுவை, இத்தாலியின் டோட்டி 1904 இல் விவரித்தது. மற்றவை எல்லாம் தோற்றால் மட்டுமே அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், மூக்கினுள் எண்டோஸ்கோப் என்னும் மெல்லிய உள்நோக்குக் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே செய்யச் சொல்லிக் கேட்பது நல்லது. கம்பியின் நுனி சரியான இடத்தில் சவ்வைத் துளைத்து வெளியே வந்ததா, சதைக்கு அடியில் பொய்வழி போனதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

எங்கள் முடிவு இப்படி அமைந்தது. இரண்டாவது முயற்சியைத் தனியாக வைத்துக்கொள்ளவில்லை. கெண்டைக்கால் இறுக்கத்துக்கு, தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி இரண்டு வயதில் போட வேண்டியிருந்தது. அதற்காகப் பதின்மூன்று மாதம் நீவிவிட்டுக்கொண்டே காத்திருந்தோம். 26 ஆவது மாதத்தில் ஒரே மயக்கத்தில் எண்டோஸ்கோப்போடு புரோபிங், ஒற்றைத் துளைச் சிலிக்கான் குழாய், விழித்திரைச் சோதனை, கண் அழுத்தம், பவர், கால் ஊசி எல்லாம் நடந்தன. இரு துறை மருத்துவர்களை ஒரே நாளில் ஓர் அரங்கில் சேர்ப்பதற்கு நாங்கள் நடந்த நடை கொஞ்சமன்று. தொலைபேசியில் முடியாததை நேரில் போய் நின்று முடித்தோம். அன்று காலை வலிப்பு மருந்தை ஆறு மணிக்கே கொடுத்திருந்தேன். பீய்ச்சும் நீர் நுரையீரலுக்குப் போகாதபடி மூச்சுக் குழாய் வைத்தே செய்தார்கள். செலவைப் பொறுத்தவரை, இந்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிரமயா என்னும் மருத்துவக் காப்பீடு பெருமூளை வாதமுள்ளோருக்கும் உரியது, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருவது. எது எது அதில் அடங்கும் என்பதை அறுவைக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு நிலையில் மட்டும் இந்த ஒப்பீடு எதுவும் செல்லாது. உள்மூலையில் சிவந்து, சூடாக, தொட்டால் அலறும்படி வீக்கம் எழுந்தாலோ, காய்ச்சலோடு இமை வீங்கி மூடிக்கொண்டாலோ அது பைக்குள் பழுத்துப் பரவும் தொற்று. நீவக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிக்கிறது என்று சொல்ல வாய் வராத குழந்தைக்கு இறுக்கம் திடீரெனக் கூடுவதும், உறக்கம் கெடுவதும், காரணமின்றி விறைப்பதும்கூட வலியின் மொழியாக இருக்கலாம். அப்போது முதலில் கண்ணோரத்தைப் பாருங்கள்.

மூன்று மாதம் கழித்து வெளிநோயாளர் அறையில் என் மடியில் வைத்தே குழாயை எடுத்தார்கள். இரண்டு நொடி ஆகியிருக்கும். மீன்பிடி நரம்பைவிட மெல்லிதாக, நிறமில்லாமல் இருந்தது. ஒரு வாரத்துக்குப் பின் சாயச் சோதனைக்குப் போனோம். ஐந்து நிமிடம் கழித்து நீல விளக்கை அடித்தபோது இமையோரத்தில் ஒன்றும் மின்னவில்லை. அவள் தும்மினாள், துடைத்த கைக்குட்டையில் பச்சை மஞ்சளாகச் சாயம் ஒட்டியிருந்தது.